மாப்பிள்ளை வெளுத்த தலையணை உறை

என் மாப்பிள்ளைக்குத் தெரியாத விஷயம் இந்த உலகத்தில் எதுவும் கிடையாது. சந்தேகம் இருந்தால் அவரையே கேட்கலாம். கேட்காவிட்டாலும் சொல்வார்.

அவர் சலவைக்கடை வைத்திருக்கிறார். மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் செருகி வைத்த மாதிரி ஒரு இடம். வாசல் ஒடுக்கம், உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கும். முன்னால் கவுண்டர், அதன்மேல் துணியை எடை போட ஒரு தராசு. பின்னால் ஆவி சீறும் இஸ்திரி மேஜை. மேஜை ஓரத்தில் கறை எடுக்கிற பொடி டப்பாக்கள், ஒரு பழைய பல் பிரஷ், ஒரு சின்ன ஸ்பூன். கழன்று விழுந்த பட்டன்களைப் போட்டுக் கொடுக்கக் குட்டிக் குட்டியாகப் பாலிதீன் பைகள். தலைக்கு மேலே கம்பியில் சட்டைகளும் கோட்டுகளும் தலை இல்லாத ஆட்கள் மாதிரி வரிசையாகத் தொங்கும். என் மாப்பிள்ளை பேசும்போது குறுக்கே பேசாமல் கேட்கிறவர்கள் அவர்கள் மட்டும்தான்.

இந்தச் சாமான்களைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் போலீஸ் வந்து இவற்றுக்கெல்லாம் வேறு பெயர் வைக்கப் போகிறது.

முதன்முதலாக அவர் வீட்டாரோடு பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்த அன்று என் மகள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் என்னவோ ஜன்னல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வாயைத் திறந்தார்.

"இதை உப்புத் தண்ணியில அலசி வெயில்ல போட்டிருக்கீங்க. நூல் செத்துப் போச்சு."

என் வீட்டுக்காரர் அசந்து போய்விட்டார். அவர்கள் கிளம்பின பிறகு, "எவ்வளவு நுணுக்கமான ஆளு பாத்தியா!" என்றார்.

"அப்ப அந்தத் திரையையே கட்டிக் குடுத்துடுங்க" என்றேன் நான்.

யார் கேட்டார்கள்? கல்யாணம் நடந்தது. திரையும் பின்னாலேயே அவர் கடைக்குப் போனது, நல்ல தண்ணீரில் அலச. திரும்பி வந்தபோது அது திரையாக வரவில்லை, சல்லடையாக வந்தது. "நான் சொன்னேன்ல அத்தை, நூல் செத்துப் போச்சுன்னு" என்றார்.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். நாணயத்தில் அவரை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. சலவைக்குப் போடுகிறவர்கள் பையில் எதை எதையோ விட்டுவிட்டுப் போவார்கள். சாவி, சீப்பு, சினிமா டிக்கெட், மனைவி கண்ணில் படக்கூடாத கைக்குட்டை. மாப்பிள்ளை துணியை நனைக்கும் முன்னால் பைகளைத் துழாவி எல்லாவற்றையும் எடுப்பார். அந்தத் துணிக்குக் குத்துகிற அடையாளச் சீட்டு மாதிரியே இதற்கும் ஒன்றை ஊக்கால் குத்தி, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பூட்டிவிடுவார். ஆள் வந்ததும் டப்பா திறக்கும், சாமான் கை மாறும், ஒரு வார்த்தை பேச மாட்டார். ஒருதரம் ஒரு பெரியவர் பல்செட்டைப் பேன்ட் பையிலேயே விட்டுவிட்டு, பள்ளிக்கூட விழாவில் தலைமை தாங்கப் போய்விட்டார். மாப்பிள்ளை பல்செட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி, மேடைக்குப் பின்னால் நின்று கொடுத்துவிட்டு வந்தார். அதை எந்தத் தண்ணீரில் அலச வேண்டும் என்று தலைவருக்கு ஒரு பாடமும் எடுத்தாராம். விழா தாமதமானது பல்செட்டால் இல்லை என்பது என் கணக்கு.

கடை வாசலில் ஒரு பலகை உண்டு. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், அத்தனை தரம் விரலை ஓட்டிப் படித்துக் காட்டியிருக்கிறார். "உங்கள் பையில் இருப்பதை நாங்கள் பிரிப்பதும் இல்லை, மறப்பதும் இல்லை."

அதில் பாதி பொய்.

என்னிடம் ஒரு ஜோடித் தலையணை உறை இருந்தது. ஓரத்தில் நீல நூலில் பூத்தையல், என் மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் போட்டது. அதில் ஒன்றில் நடுவே தலை எண்ணெய் இறங்கி வட்டமாகக் கறை. எத்தனை துவைத்தும் போகவில்லை. மாப்பிள்ளை ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன அத்தை, சலவைக்கடைக்காரன் மாமியார் வீட்டுல இப்படி ஒரு கறையா? குடுங்க. எண்ணெய்க் கறையெல்லாம் எனக்குத் தூசு."

கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்துக் கொண்டுவந்தார். கறை இருந்த இடத்திலேயே பத்திரமாக இருந்தது. போதாததற்கு அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு பொருக்கு, காய்ந்த கஞ்சி மாதிரி.

"போகலையே மாப்பிள்ளை?"

"போயிடும் அத்தை. இது புதுப் பவுடர். தொட்டுப் பார்த்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன், வெளிநாட்டுல பெரிய ஓட்டல் பெட்ஷீட்டுக்குப் போடறது. இங்கே கடையில கிடைக்காது. இப்ப அது நூலுக்குள்ள வேலை செஞ்சுக்கிட்டு இருக்கு. கொஞ்ச நாள் துவைக்காம வைங்க. அடுத்த அலசல்ல கறை ஓடிடும்."

"கடையில கிடைக்காதுன்னா உங்களுக்கு எங்கே கிடைச்சுது?"

"அது தொழில் ரகசியம்."

நான் துவைக்கவில்லை. அவர் சொன்னார் என்பதற்காக இல்லை. இப்படி ஒரு சாட்சி கையில் கிடைத்தால் யாராவது துவைப்பார்களா? மறுநாள் காலையில் காய்கறிக்காரி வந்தாள், விரித்துக் காட்டினேன். எதிர்வீட்டுத் தையல்காரி வந்தாள், அவளுக்கும் காட்டினேன். "ஊர்க் கறையெல்லாம் எடுக்கிற பெரிய மனுஷர் எடுத்த கறை இது, நல்லா பாத்துக்குங்க" என்றேன். தண்ணீர் கேன் போடுகிறவர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டே நின்று பார்த்துவிட்டு, "முன்னே ஒரு கறைதான் இருந்துச்சு, இப்ப ரெண்டா?" என்று கேட்டார். எனக்கு அப்படி ஒரு திருப்தி. தினமும் காட்டி முடித்ததும் மடித்து ஒரு பையில் போட்டு அலமாரியில் வைத்தேன். அடுத்த தடவை என் மகள் "எங்க வீட்டுக்காரர் மாதிரி வருமா" என்று ஆரம்பிக்கும்போது அவள் முன்னால் விரிக்க வேண்டும் என்று.

அதற்குள் போலீஸ் வந்துவிட்டது.

கடையில் நடந்ததை என் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் கவுண்டரில் இருந்திருக்கிறாள். ஒரு இன்ஸ்பெக்டரும் கூட ஆட்களும் வந்து, இன்ன ஆளுடைய கோட்டு இங்கே இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்காரர் போதைப்பொருள் வியாபாரம் செய்வதாக யாரோ காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பிடித்துச் சோதித்தால் கையில் ஒன்றும் இல்லை. கோட்டு எங்கே என்றால் சலவைக்கடையில் என்றிருக்கிறார்.

மாப்பிள்ளை கோட்டை இறக்கிக் காட்டினார். மடிப்புக் கலையாமல் மின்னுகிறது, பை காலி.

"பையில ஏதாவது இருந்துச்சா?"

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிப்பார்கள். என் மாப்பிள்ளைக்கு அன்றுதான் ஜென்மம் சாபல்யம் ஆன மாதிரி முகம் மலர்ந்ததாம்.

"ஏன் இல்லாம? இங்கே ஒரு பொருள் தொலையாது சார்" என்று டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார்.

"பூட்டு யாருது?"

"என்னுது."

"சாவி யார் கிட்ட இருக்கும்?"

"என் இடுப்பைவிட்டு இறங்காது. என் சம்சாரத்துக்குக்கூடக் குடுத்ததில்லை, அவளையே கேளுங்க."

"உள்ளே என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்?"

"என் கடையில எனக்குத் தெரியாம ஒரு பட்டன்கூட இருக்காது."

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவரைத் திரும்பிப் பார்த்து, "ஒண்ணுவிடாம எழுதிக்க" என்றாராம். எழுதினவருக்குக் கை வலித்திருக்கும்.

டப்பாவுக்குள் ஒரு பொட்டலம், அதில் வெள்ளைப் பொடி. பொட்டலம் பிரிக்கப்பட்டு மறுபடி மடிக்கப்பட்டு, மாப்பிள்ளை கடை ஊக்கு குத்தியிருந்தது.

"யார் பிரிச்சது?"

இத்தனை வருஷத்தில் என் மாப்பிள்ளை வாயிலிருந்து வராத ஒரு சொல் அப்போதுதான் வந்தது. "தெரியாது" என்றார். வாழ்க்கையில் முதல் தடவை சொல்கிறார், அதுவும் பொய்.

அப்புறம் போலீஸ் கடையைச் சுற்றிப் பார்த்தது. இஸ்திரி மேஜையில் இருந்த சின்ன ஸ்பூனில் அதே பொடி ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டன் போடும் குட்டிப் பைகள் கட்டுக்கட்டாக இருந்தன. கவுண்டர்மேல் தராசு. அள்ள ஸ்பூன், நிறுக்கத் தராசு, போட்டுக் கொடுக்கப் பை. ஒரு வியாபாரிக்கு வேறு என்ன வேண்டும்? துணி துவைக்கிற மிஷின்கூட அன்றைக்குப் பார்க்கத் திருட்டு முழிதான் முழித்ததாம். மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு கடைக்குச் சீல் வைத்தார்கள்.

தெருவில் ஆளாளுக்குக் கவலைப்பட்டார்கள், அவரவர் பேன்ட்டைப் பற்றி. உள்ளே மாட்டிக்கொண்ட துணிகள் எப்போது வரும் என்று என் மகளிடம் வந்து கேட்டார்கள். பல்செட் பெரியவரும் வந்தார். "உங்க வீட்டுக்காரர் பேச்சுல அப்பவே ஒரு வேகம் இருந்துச்சும்மா, நான்தான் கவனிக்கலை" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வாயில் இருந்த பல் யார் ஓடிக் கொண்டுவந்து கொடுத்தது என்று கேட்கலாமென்று நினைத்தேன். என் மகள் கையைப் பிடித்து அமுக்கிவிட்டாள்.

ஒரு வக்கீல் பெண்ணைப் பிடித்தோம். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு அறை, ஃபேன் சுற்றினால் மேஜையில் இருக்கிற காகிதமெல்லாம் படபடக்கும். அதன்மேல் டம்ளரையும் செருப்புப் பெட்டியையும் வைத்து அமுக்கியிருந்தாள். சின்ன வயசு. ஆனால் எதைக் கேட்டாலும் நமக்குப் புரிகிற பாஷையில் சொல்வாள்.

"ஏம்மா, பொடி கோட்டுக்காரனோடது. அவனைப் பிடிக்காம இவரை ஏன் பிடிச்சாங்க?" என்று கேட்டேன்.

"பொருள் யாருக்குச் சொந்தம்னு இந்தச் சட்டம் முதல்ல கேக்காதும்மா. யார் வசம் இருந்துச்சுன்னுதான் கேக்கும். வசம்னா கையிலேயே இருக்கணும்னு இல்லை. பூட்டு உங்களுது, சாவி உங்களுதுன்னா உங்க வசம்தான். கோட்டுக்காரர் என் பை காலின்னு சொல்லிட்டாரு. அவர் கையிலேயும் ஒண்ணும் கிடைக்கலை. அதனால ஜாமீன்ல போயிட்டாரு."

"சரி, பத்திரமா எடுத்து வச்சது ஒரு குத்தமா?"

"என்னன்னு தெரிஞ்சு வச்சிருந்தா குத்தம். தெரியாம வச்சிருந்தா இல்லை."

"அப்புறமென்ன, தெரியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா போதாதும்மா. திருட்டு கேஸ்னா எல்லாத்தையும் போலீஸ்தான் நிரூபிக்கணும். இதுல உங்க வசம் இருந்துச்சுன்னு அவங்க காட்டினா போதும், தெரிஞ்சுதான் வச்சிருந்தீங்கன்னு சட்டமே எடுத்துக்கும். இல்லைங்கறதை நாமதான் காட்டணும்."

"தெரியாதுங்கறதை எப்படிம்மா காட்டறது? அது என்ன கையில பிடிச்சுக் காட்டற சாமானா?"

"கஷ்டம்தான்" என்றாள். "அதுவும் உங்க மாப்பிள்ளை மாதிரி ஆளுக்கு."

அந்தப் பெண்ணை எனக்கு அப்போதே பிடித்துப்போய்விட்டது.

இன்னொரு விஷயமும் சொன்னாள். தனக்காக வைத்திருந்தால் ஒரு தண்டனை, விற்பதற்காக வைத்திருந்தால் அதைவிடப் பெரிய தண்டனை. தராசும் ஸ்பூனும் பையும் இருந்ததால் இவர்மேல் விற்பனை என்று எழுதியிருக்கிறார்கள். அது நின்றுவிட்டால் வருஷக்கணக்கில் உள்ளே, ஜாமீனும் லேசில் கிடைக்காது. என் மகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் பேச்சை மாற்ற, என் தூக்க மாத்திரையைப் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அவ்வப்போது கொடுப்பதைச் சொன்னேன். வக்கீல் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். "உங்க சீட்டுல எழுதின மாத்திரை உங்க கையில இருந்தா மருந்து, அவங்க கையில இருந்தா அதுவும் இந்தச் சட்டத்துக்குள்ளதான் வரலாம். குடுக்காதீங்கம்மா" என்றாள். பக்கத்து வீட்டு அம்மா இன்றுவரைக்கும் என்னைக் கஞ்சப்பிசினாறி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"எல்லாத்தையும்விடப் பெரிய தொந்தரவு அந்த ஸ்பூன்தான்" என்றாள் வக்கீல் பெண். "பொட்டலத்துலேர்ந்து எடுத்திருக்காரு. எடுத்தது எங்கே போச்சுன்னா, பிரிக்கவே இல்லைன்னு அடம் பிடிக்கிறாரு. வித்துட்டாருன்னு அவங்க சொல்றாங்க. வேற எங்கே போயிருக்கும்?"

எனக்கு உள்ளே ஏதோ தட்டியது.

"ஏம்மா, அந்தப் பொடியைத் தண்ணியில குழைச்சுத் தடவினா காஞ்சதும் கஞ்சி மாதிரிப் பொருக்கு நிக்குமா?"

"நிக்கலாம். ஏன்?"

"அது எங்கேயும் போகலைம்மா. என் அலமாரியில இருக்கு."

நான் உறையின் கதையைச் சொல்லி முடித்தேன். அந்தப் பெண் சிரிக்கப் போகிறாள் என்று பார்த்தால் முகம் வெளுத்துவிட்டது. என் மாப்பிள்ளை வெளுத்த எதுவும் அத்தனை சுத்தமாக வெளுத்ததில்லை.

"அம்மா, இப்ப அது உங்க வசம் இருக்கு."

"ரொம்ப நாளா இருக்கே."

"நேத்து வரைக்கும் உங்களுக்கு அது அழுக்குத் தலையணை உறை. இப்ப அது என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அடப்பாவமே. நீ சொல்லித்தானே தெரிஞ்சுது? அப்ப உனக்கும்தான் தெரியும்."

"அதனாலதான் சொல்றேன், வீட்டுல வைக்கக் கூடாது. இப்பவே மனு போட்டுக் கோர்ட்டுல ஒப்படைக்கணும். யாரும் தொடாதீங்க, உதறாதீங்க. தப்பித் தவறித் துவைச்சுடாதீங்க."

"துவைக்கிற பேச்சே எங்க குடும்பத்துல வேண்டாம்" என்றேன்.

உறையை அன்றே ஒப்படைத்தோம். பரிசோதனைக்குப் போனது. மறுநாள் நானும் மகளும் சிறைக்கு மாப்பிள்ளையைப் பார்க்கப் போனோம். நடுவில் கம்பி வலை. இந்தப் பக்கம் நாலு குடும்பம் ஒரே நேரத்தில் கத்துகிறது, அந்தப் பக்கம் நாலு பேர் காதில் கை வைத்துக் கேட்கிறார்கள். மாப்பிள்ளை இளைத்துத்தான் போயிருந்தார். வாய் இளைக்கவில்லை.

"இங்கே போர்வையைச் சோப்பு போகாமலே காய வைக்கிறாங்க அத்தை. அதான் எல்லாருக்கும் அரிப்பு. வார்டன்கிட்ட சொன்னேன், கேக்க மாட்டேங்கறாரு."

"அரிப்பு இருக்கட்டும். என் தலையணை உறையில தடவினது எந்தப் பவுடர்?"

அவர் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டார். என் மகளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"அத்தை, அதை மட்டும் வெளியில எடுக்காதீங்க. சுடுதண்ணியில போட்டு ஊற வச்சுடுங்க."

"முடியாது. கோர்ட்டுல குடுத்தாச்சு."

"ஐயோ! வாசல்ல பலகை மாட்டியிருக்கேனே அத்தை, பிரிக்க மாட்டேன்னு! பிரிச்சு எடுத்து மாமியார் வீட்டுத் துணியில தடவினேன்னு கோர்ட்டுல சொன்னா எவன் என்கிட்ட துணி போடுவான்?"

என் மகள் அதுவரை அழுதுகொண்டிருந்தவள், கண்ணைத் துடைத்துவிட்டு வலைக்குப் பக்கத்தில் போனாள்.

"நீங்க வருஷக்கணக்கா உள்ளே இருந்தா மட்டும் போடுவாங்களா? ஜெயிலா, இந்தக் கறையா, நீங்களே சொல்லுங்க."

"அந்தப் பவுடர் கறைக்குத்தான் போடறது. அடுத்த அலசல்ல..."

"ஜெயிலா, கறையா?"

"கொஞ்சம் யோசிக்கணும்" என்றார் அந்த மனுஷர். கேட்டுக்கொண்டிருந்த பக்கத்துக் குடும்பமே திரும்பிப் பார்த்தது. என் மகள் வெளியே வந்துவிட்டாள். பஸ்ஸில் வரும்போது, "அம்மா, அந்தத் திரையை நீ சொன்ன மாதிரி அவருக்கே கட்டி வச்சிருக்கலாம்" என்றாள். இதைக் கேட்க நான் எத்தனை வருஷமாகக் காத்திருந்தேன். கேட்டபோது சிரிப்பு வரவில்லை.

பரிசோதனை முடிவு வந்தது. உறையில் இருந்ததும் பொட்டலத்தில் இருந்ததும் ஒரே பொடி. அதற்கு ஒரு பெயர் சொன்னார்கள், ரயில் மாதிரி நீளம், எனக்கு வாயில் நுழையவில்லை.

வழக்கு அன்று என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். நீதிபதி ஒரு அம்மா, மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்க்கிறவர். அரசு வக்கீல் கறுப்புக் கோட்டைச் சரி பண்ணிக்கொண்டே எழுந்தார். காலரில் பழுப்பு ஏறியிருந்தது. எதிரே நின்ற மாப்பிள்ளை அந்தக் காலரையே பார்க்கிறார், வாய் துறுதுறுக்கிறது. என் மகள் அவரைப் பார்த்த பார்வையில் அடங்கினார்.

"மருமகனைக் காப்பாத்தணும்னு நீங்களே இதைத் தடவிக் கொண்டுவந்திருக்கலாமே?"

"பொட்டலம் உங்க போலீஸ்கிட்ட பூட்டுல இருக்கு. எனக்குப் பொடி யாருங்க குடுப்பாங்க, நீங்களா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. மருமகன்மேல உங்களுக்கு ரொம்பப் பாசமோ?"

இதற்கு என்ன பதில் சொல்வது? சத்தியம் பண்ணிவிட்டு நிற்கிறேன். "வெளியில காய்கறிக்காரி, தையல்காரி, தண்ணி கேன்காரர் எல்லாரும் உக்காந்திருக்காங்க. அவங்களைக் கேளுங்க" என்றேன்.

வக்கீல் பெண் அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். போலீஸ் வருவதற்கு முன்னாலேயே இந்த உறையைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்த்தோம் என்றார்கள். காய்கறிக்காரி இன்னும் ஒரு படி மேலே போனாள்.

"தினமும் பாத்தேனுங்க. வெண்டைக்காய் வாங்கறாங்களோ இல்லையோ, இதை விரிச்சுக் காட்டாம என்னை அனுப்ப மாட்டாங்க. மாப்பிள்ளையை அந்தப் பேச்சுப் பேசுவாங்க. பாசமாவது ஒண்ணாவது!"

கோர்ட்டில் ஒரே சிரிப்பு. அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். பத்துப் பேரிடம் மாப்பிள்ளையைக் கேவலப்படுத்தினது வீண் போகவில்லை. நல்ல மாமியாராக வாயை மூடிக்கொண்டு துவைத்துப் போட்டிருந்தால் அவர் கதை அன்றைக்கு முடிந்திருக்கும்.

ஆனால் பிரித்தது யார், எதற்கு என்பதை அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். நீதிபதி அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"பொட்டலத்தைப் பிரிச்சீங்களா?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். எச்சில் விழுங்கினார். பலகையில் இருந்த எழுத்தெல்லாம் ஒவ்வொன்றாக அவர் தொண்டை வழியாக இறங்குவது எனக்குத் தெரிந்தது.

"பிரிச்சேன்" என்றார். குரலே வரவில்லை. "ஸ்பூன் நுனியில கொஞ்சம். புதுப் பவுடர் கண்ணுல பட்டா சோதிச்சுப் பாக்காம இருக்க முடியாது. தொழில் அப்படி."

"போதைப்பொருள்னு தெரியுமா?"

"போதைப்பொருளா?" அவருக்கு எங்கிருந்தோ குரல் திரும்பி வந்துவிட்டது. "அம்மா, இவங்க யாரோ லேப்ல பாத்துட்டு ஏதோ சொல்றாங்க. நான் இந்தத் தொழில்ல ஊறினவன். அது கறை எடுக்கிற பவுடர்தாம்மா. ஓட்டல் பெட்ஷீட்டுக்குப் போடறது."

வக்கீல் பெண் அவரைப் பார்த்துக் கையைக் காட்டினாள், நிறுத்துங்கள் என்று. நிறுத்துவாரா?

"கறை போகலையே?" என்றார் நீதிபதி அம்மா.

"போயிருக்கும்மா. பவுடர்மேல தப்பு இல்லை. எங்க அத்தை தலைக்கு எண்ணெய் கொஞ்சம் அதிகமா வைப்பாங்க."

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருந்த மாதிரித் தெரியவில்லை.

விடுதலை ஆனது. தீர்ப்பில் ஒரு வரி உண்டு. வக்கீல் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்பேன். "இவர் அந்தப் பொருள் இன்னதென அறிந்து வைத்திருந்தவர் அல்லர். எதையும் அறியாமலே எல்லாம் அறிந்ததாக முழு மனதுடன் நம்புகிறவர் என இந்த நீதிமன்றம் திருப்தி அடைகிறது." என் வாழ்நாளில் இவ்வளவு நல்ல எழுத்து எதையும் யாரும் எனக்குப் படித்துக் காட்டினதில்லை. கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டலாம் என்றேன், என் மகள் விடவில்லை.

பொட்டலத்திலிருந்து எடுத்தது திருட்டில்லையா என்று தெருவில் சிலர் கேட்டார்கள். அதற்குக் கோட்டுக்காரர்தான் புகார் கொடுக்க வேண்டும். பொடி என்னுடையதே இல்லை என்று சத்தியம் பண்ணினவர் எந்த வாயால் கொடுப்பார்? அவர் வழக்கு அது பாட்டுக்கு நடக்கிறது. அவருக்குப் பெரிய வக்கீல்.

கடைச் சீலை எடுத்தார்கள். மாப்பிள்ளை முதல் காரியமாகப் பலகையைக் கழற்றி, "பிரிப்பதும் இல்லை" என்பதன்மேல் சுண்ணாம்பு அடித்தார். வாடிக்கைக்காரர்கள் திரும்ப வருவார்களா என்று பயந்தார். வந்தார்கள், இரண்டு மடங்காக வந்தார்கள். ஆனால் எல்லோரும் கவுண்டரில் நின்று அவர் கண் முன்னாலேயே பையை வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் துணியைப் போடுகிறார்கள். பிஸ்கட் டப்பாவில் இப்போது என் மகள் சில்லறைச் சாமான் வைத்திருக்கிறாள். சாவியும் அவள் இடுப்பில்தான்.

எனக்கு உறை ஜோடி உடைந்துபோனதுதான் குறை. வக்கீல் பெண்ணிடம், "கேஸ் முடிஞ்சுது, உறையைத் திருப்பித் தரச் சொல்லும்மா" என்றேன்.

"தர மாட்டாங்கம்மா. கோட்டுக்காரர் கேஸுக்குக் கொஞ்சம் சாம்பிள் எடுத்து வச்சுக்கிட்டு, இந்த மாதிரிப் பொருளையெல்லாம் பொட்டலத்தோட சேர்த்து எரிச்சுடுவாங்க. எரிச்சாச்சு."

வீட்டுக்கு வந்து சொன்னேன். மாப்பிள்ளை என் மற்ற உறையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"பாத்தீங்களா அத்தை, கறை போயிடுச்சா இல்லையா?"